கண்ணாடிப் பெட்டிப் பிள்ளைகள் தரம் 10 க்கு வரும்போது

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் குறைமாதத்தில் பிறந்து தப்பிய முதல் பிள்ளைகளுக்கு இப்போது பதினான்கு, பதினைந்து வயது. ஒரு கிலோவும் சில்லறையுமாகப் பிறந்து, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இன்கியூபேட்டருக்குள் கிடந்து, பிறகு அம்மாவின் நெஞ்சுச் சூட்டில் நிறை ஏறி வீட்டுக்கு வந்தவர்கள். ஊரில் இன்னமும் 'கண்ணாடிப் பெட்டிப் பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். போரின் கடைசிக் கட்டத்தில், 2009 இன் முதல் மாதங்களில், புதுமாத்தளன் பாடசாலைக் கட்டிடத்தில் தற்காலிக வைத்தியசாலை நடந்தபோது, இப்படி ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் வசதியைப் பற்றிப் பேசவே இடமில்லை. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. இயலாதபோது அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறது. பிள்ளைகள் தப்புகிறார்கள்.

தப்புகிற பிள்ளைக்குத்தான் குறைமாத விழித்திரை நோய் வரும். வாட்டில் ஆர்.ஓ.பி என்பார்கள். எல்லாக் குறைமாதப் பிள்ளைகளும் இறந்துபோகிற இடத்தில் இந்த நோயைக் காணவே முடியாது. எல்லா வசதியும் நிறைந்த இடத்தில் அது பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், ஒட்சிசன் கொடுக்க வசதி வந்து, அதை அளந்து கொடுக்கவும் கண்ணைப் பார்க்கவும் வசதி முழுதாக வராத இடங்களில்தான் அது அதிகம் கண்ணைப் பறிக்கிறது. 2010 ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு ஒன்றின்படி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 குறைமாதக் குழந்தைகள் இந்த நோயால் பார்வையை முழுதாகவோ பெரும்பகுதியையோ இழந்தார்கள். மேலும் 12,300 பேருக்கு அதைவிடக் குறைந்த அளவில் பார்வைக் குறைபாடு மிஞ்சியது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களைத்தான் பேசுகிறோம். நேரத்துக்குப் பரிசோதித்தார்களா, லேசர் பிடித்தார்களா, கண் தப்பியதா? தப்பிவிட்டது என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் தப்பிய கண் சாதாரணக் கண்ணாக வளர்வதில்லை. அது ஒரு வயதில் ஒரு பிரச்சினையையும், ஐந்து வயதில் இன்னொன்றையும், இருபது வயதில் வேறொன்றையும் கொண்டுவரும். வன்னியில் அந்தக் கட்டங்களுக்குள் பிள்ளைகள் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் கருவின் 16 ஆம் கிழமை அளவில் கண்ணின் பின்புற நடுவிலிருந்து முளைத்து ஓரங்களை நோக்கிப் படரும். மூக்குப் பக்க ஓரத்தை 36 ஆம் கிழமை அளவிலும், காதுப் பக்க ஓரத்தை 40 ஆம் கிழமை அளவிலும் எட்டும். இரணைமடு வாய்க்காலில் கடைசிக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேருவது மாதிரி, ஓரத்துக்குத்தான் எல்லாவற்றுக்கும் பிறகு கிடைக்கும். 28 கிழமையில் பிள்ளை பிறந்தால் அந்த ஓரம் இன்னும் வெறுமையாகவே இருக்கும். கருப்பைக்குள் ஒட்சிசன் குறைவு. அந்தக் குறைவுதான் நாளங்களை வளரத் தூண்டுகிறது. வெளியே வந்ததும், மூச்சுக்காகக் கொடுக்கும் ஒட்சிசன் அந்தத் தூண்டுதலை அணைத்துவிட, வளர்ச்சி நின்றுபோகிறது. சில கிழமை கழித்து விழித்திரை தன் பாட்டில் முதிர்கிறது, பசி கூடுகிறது, ஓரத்தில் இரத்தம் இல்லை. உடனே வளர்ச்சிப் புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இப்போது நாளங்கள் முறைப்படி வளராமல் தாறுமாறாக முளைத்து, விழித்திரையை விட்டு மேலெழும்பி, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையையே பிடித்து இழுக்கின்றன. கடைசிக் கட்டத்தில் அது முழுதாகக் கழன்றுவிடும்.

ஒட்சிசனுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1942 இல் பொஸ்டனில் டெரி என்ற கண் டொக்டர் இதை முதலில் விவரித்தார். அடுத்த பத்து வருடங்களில் உலகம் முழுவதும் ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகள் பார்வையிழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். 1950 இல் ஆறு கிழமை முந்திப் பிறந்தவர். 1951 இல் மெல்பேர்னில் கேட் கம்பெல் என்ற பிள்ளை டொக்டர் ஒட்சிசனைச் சந்தேகித்தார். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. உடனே எல்லோரும் ஒட்சிசனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண்கள் தப்பின, பிள்ளைகள் இறந்தார்கள். ஒரு பிள்ளையின் பார்வைக்காகப் பதினாறு பிள்ளைகளின் உயிர் போனது என்று பின்னாளில் ஒரு கணக்குப் போட்டார்கள். 2010 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றும் அதே தராசைத்தான் காட்டியது: இரத்த ஒட்சிசன் அளவை 85 முதல் 89 வீதம் வரை வைத்தால் கண் நோய் குறைகிறது, மரணம் கூடுகிறது. 91 முதல் 95 வரை வைத்தால் மறுபக்கம். அதனால்தான் இன்றைக்குப் பல இடங்களில் அந்த மேல் அளவையே வைத்துக்கொண்டு, கண்ணைத் தனியாகப் பரிசோதித்துக் காப்பாற்றுகிறார்கள். 'ஒட்சிசன் குடுத்துத்தானே பிள்ளையின் கண் போனது' என்று கோபப்படும் தகப்பன்மாருக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஒட்சிசன் இல்லாவிட்டால் கோபப்படுவதற்குப் பிள்ளையே இருந்திருக்காது. அளவில்லாமல் கொடுப்பதுதான் குற்றம். கூடவே கிருமித்தொற்று, நிறை ஏறாமை, மூச்சுக் கோளாறு எல்லாம் நோயைக் கூட்டும்.

எந்தப் பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்காவில் 1,500 கிராமும் அதற்குக் குறைவும், அல்லது 30 கிழமையும் அதற்கு முந்தியும் என்பது பொதுக் கணக்கு. இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவு அல்லது 34 கிழமைக்கு முந்தி என்று கோட்டை நன்றாக மேலே வைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய பிள்ளைகளுக்கும் கடும் நோய் வருவதைக் கண்டபிறகு வைத்த கோடு அது. முதல் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதைவிட முந்தி. அந்த நாள் தவறக்கூடாது. இந்த நோய்க்கு வெளி அடையாளம் எதுவும் இல்லை. கண் பளிச்சென்று கறுப்பாக இருக்கும், பிள்ளை விளக்கைப் பார்க்கும், உள்ளே விழித்திரை கழன்றுகொண்டிருக்கும். கறுப்பு விழிக்குள் வெள்ளை தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

பரிசோதனையைப் பார்க்கிற அம்மாமாருக்கு அது கொடுமையாகத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், கறுப்பு விழி விரியும். பிள்ளையைத் துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். வாயில் ஒரு துளி சீனித் தண்ணீர், வலியை மறக்க. இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பி வளையம். டொக்டர் தலையில் மாட்டிய விளக்கோடு ஒரு வில்லையைக் கையில் பிடித்துக் குனிந்து, ஓரங்களைப் பார்க்கக் கண்ணை மெல்ல அழுத்தித் திருப்புவார். பிள்ளை வீரிட்டு அழும். சில நிமிடம்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த முறைக்கு வராமல் விடுகிற குடும்பங்கள் உண்டு. ஒருமுறை பார்த்தது போதாது. நாளங்கள் ஓரம் வரை போய்ச் சேரும்வரை, ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் தானாகவே வடிந்துவிடும். அமெரிக்காவில் 1986, 87 இல் பிறந்த, 1,251 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த நோய் வந்தது. சிகிச்சை தேவைப்படும் கடும் கட்டத்தை எட்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். அந்தக் கட்டம் வந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் சிகிச்சை வேண்டும். அன்றைக்கு உறையவைக்கும் சிகிச்சை. பிறகு லேசர். 2011 முதல் கண்ணுக்குள் போடும் ஊசியும் பரவலாக வந்தது. லேசர், இரத்தம் போகாத ஓரத்தைச் சுட்டு அதன் பசியை நிறுத்துகிறது. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுகிற பேரம். ஊசி அந்த வளர்ச்சிப் புரதத்தைக் கட்டுகிறது. ஆனால் நோய் பிந்தித் திரும்பி வரக்கூடும். ஓர் ஆய்வில் லேசர் பிடித்த பிள்ளைகளுக்கு ஆறு கிழமை அளவில் திரும்பியது, ஊசி போட்ட பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பதினாறு கிழமை கழித்துத்தான் திரும்பியது. அதற்குள் வீட்டுக்குப் போய், துடக்குக் கழித்து, பேர் வைத்து, கண்ணை மறந்துவிடுவார்கள். ஊசி போட்ட பிள்ளையின் வீட்டாருக்கு இதை யாராவது இருத்தி வைத்துச் சொல்ல வேண்டும்.

நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தாலும் எல்லாக் கண்ணும் நன்றாக வராது. 2003 இல் வந்த ஆய்வில், முந்திச் சிகிச்சை செய்த கண்களிலும் நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து கண்களுக்கு ஒன்பது மாதத்தில் பார்வை மோசமாகத்தான் இருந்தது. மிச்சக் கண்களுக்குப் பின்னால் வருபவைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலாவது குறும்பார்வை. சிகிச்சை தேவைப்பட்ட கண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்கு அது வருகிறது. சிறு வயதிலேயே, கனமாக வருகிறது. லேசர் பிடித்த, நோய் நடுப்பகுதி வரை இருந்த கண்களில் பாதிக்கு எட்டு டயோப்டரும் அதற்கு மேலும் இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. ஊசி போட்டவர்களுக்கு அது மிகக் குறைவு. எட்டு டயோப்டர் என்றால், கண்ணாடி இல்லாமல் அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிவது 12.5 சென்ரிமீற்றர் வரைதான். ஒரு சாண் கூட இல்லை. அம்மாவின் முகம் மடியில் கிடக்கும்போது தெரியும், கதிரையில் இருத்தினால் மங்கிவிடும். இந்தப் பிள்ளை தவழப் பிந்தும், விளையாட்டுச் சாமானை எட்டிப் பிடிக்காது, சிரிப்பதற்குச் சிரிக்காது. 'குறைமாதப் பிள்ளைதானே, மெல்ல வரும்' என்று அம்மம்மா சொல்வார். மூளை மெல்ல வருகிறதா, கண் தெரியவில்லையா என்று யார் பார்ப்பது? ஒரு வயதுப் பிள்ளைக்கு லாஸ்டிக் பட்டி வைத்த கண்ணாடி போட்டால் ஊரே வேடிக்கை பார்க்கும், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால். பார்க்கட்டும்.

சாதாரணக் குறும்பார்வையில் கண் பின்பக்கம் நீள்கிறது. குறைமாதக் கண்ணில் பெரும்பாலும் முன்பக்கம்தான் கோளாறு: கருவிழி (கண்ணின் முன் இருக்கும் ஒளிபுகும் படலம்) கூடுதலாக வளைந்து, கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்து, இரண்டுக்கும் இடையிலான வெளி ஒடுங்கி இருக்கும். இதை ஞாபகம் வைத்திருங்கள், இருபது முப்பது வயதில் இதே ஒடுக்கம் வேறு வேஷத்தில் வரும்.

அடுத்தது மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும். கடும் நோய் வந்த பிள்ளைகளில் ஆறு வயதுக்குள் நாற்பது வீதத்துக்கு மேல் மாறுகண் காணப்பட்டிருக்கிறது. மாறுகண் கண்ணுக்குத் தெரியும், யாராவது சொல்வார்கள். ஆனால் ஒரு கண்ணில் எட்டு டயோப்டரும் மற்றக் கண்ணில் இரண்டும் என்று வித்தியாசம் இருந்தால் வெளியில் ஒன்றுமே தெரியாது. நல்ல கண் வேலை செய்யும், மூளை மற்றக் கண்ணைக் கைவிட்டுவிடும். ஏழு எட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் மூடி, கெட்ட கண்ணை வேலை வாங்கினால் மீட்கலாம். அதற்குப் பிறகு கஷ்டம். மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று: தழும்பு விழித்திரையின் நடுவைக் காதுப் பக்கம் இழுத்து வைத்திருந்தால் கண் வெளிப்பக்கம் போவது போலத் தெரியும், உண்மையில் அது நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மாதிரிக் கண்ணை நேராக்குகிறோம் என்று ஒபரேசனுக்கு அவசரப்படக் கூடாது.

பாடசாலையில் தரம் 1, 4, 7, 10 இல் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே பார்ப்பது தூரத்து எழுத்துத் தெரிகிறதா என்பதைத்தான், விழித்திரையின் ஓரத்தை அல்ல. அட்டையை வாசித்துவிட்டு வந்த குறைமாதப் பிள்ளையின் கண் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேறொரு பிள்ளைக் கூட்டம் இருக்கிறது, இவர்கள்தான் அதிகம் அடிவாங்குவது. அட்டையை வாசிப்பார்கள், கண் டொக்டர் கண் நல்லது என்பார். ஆனால் வாங்கில் கிடக்கும் பத்துச் சாமானுக்குள் அழிறப்பரைத் தேடி எடுக்கத் தெரியாது. கரும்பலகையில் நெருக்கமாக எழுதினால் வரியைத் தவறவிடுவார்கள். படி இறங்கும்போது காலால் தடவிப் பார்ப்பார்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் தாயின் முகத்தைப் பிடிக்க முடியாமல் அழுவார்கள். கண்ணில் பிழையில்லை, குறைமாதத்தில் மூளையின் நடுப்பகுதியில் ஏற்பட்ட காயம் பார்வையைப் புரிந்துகொள்ளும் வழியைக் கெடுத்துவிட்டது. விழித்திரை நோயே வராத குறைமாதப் பிள்ளைக்கும் இது வரலாம். இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கிடைக்கும் பெயர் 'கவனமில்லாதவன்', 'விளப்பமில்லாதவள்'. கண்ணாடி இதற்கு உதவாது. முன் வாங்கு, ஒரு பக்கத்தில் குறைந்த எழுத்து, தடித்த கோடு போட்ட கொப்பி, மேசையில் ஒரு நேரத்தில் ஒரு சாமான், இவைதான் உதவும். செலவில்லாத வைத்தியம், ஒரு ரீச்சர் மனம் வைத்தால் போதும். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் தருகிறது. மருத்துவச் சான்றோடு நேரகாலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசி மாதத்தில் ஓடித்திரிந்து பயனில்லை. பார்வை முழுதாகப் போன பிள்ளைகளுக்குச் சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. கணினியில் தமிழை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். பார்வை போனால் படிப்பும் போனது என்ற காலம் இது இல்லை.

இனித் தரம் 10 க்கு வருவோம். 1986, 87 இல் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்ததாக மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில், அதாவது எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த காலத்தில், சிகிச்சை செய்த கண்களில் 4.5 வீதத்திலும் செய்யாத கண்களில் 7.7 வீதத்திலும் விழித்திரை புதிதாக மடிந்தோ கழன்றோ போனது, அல்லது உள்ளே பார்க்க முடியாதபடி மறைந்தது. பழைய தழும்பு வளர்கிற கண்ணை இழுக்கிறது. இதில் வலி இல்லை. மின்னல் போல வெளிச்சம், மிதக்கும் கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து நிழல் மூடுவது, அவ்வளவுதான் அறிகுறி. ஏற்கெனவே ஒரு கண் பலவீனமான பிள்ளைக்கு அந்தக் கண்ணில் நிழல் விழுந்தால் தெரியவே தெரியாது. இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. இப்படிப்பட்ட பெடியன் கடினப் பந்தில் கிரிக்கெட் விளையாடலாமா என்று கேட்பார்கள். விளையாட்டையே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி, எந்த விளையாட்டு என்பதில் டொக்டரோடு ஒரு பேச்சு, அது போதும். லேசர் பிடித்த கண்ணில் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட ஆசைப்படும் வயது வரும்போது, அனுமதிப்பத்திரத்துக்கு முன்பு பக்கப் பார்வையை அளந்து பார்ப்பது நல்லது.

பிறகு இருபதுகளிலும் முப்பதுகளிலும் அந்த ஒடுங்கிய முன்பகுதி. வயதோடு வில்லை இன்னும் தடிக்க, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை அடைபடும், அழுத்தம் ஏறும். அதுதான் குளுக்கோமா. கண் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, சத்தி வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். முப்பது வயதுக்காரருக்குக் குளுக்கோமா வரும் என்று யாரும் நினைப்பதில்லை. ஒற்றைத் தலையிடி என்று பனடோலோடு வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு. நோயாளி தானே வாய் திறந்து 'நான் குறைமாதத்தில் பிறந்தவன், கண்ணுக்கு லேசர் பிடித்தது' என்று சொன்னால் டொக்டரின் யோசனை திரும்பும். ஆனால் அவனுக்கே அது தெரியாவிட்டால்?

வன்னியில் இந்தக் கேள்வி சும்மா கேட்பதல்ல. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். கொக்கிளாயிலிருந்தோ துணுக்காயின் உட்கிராமத்திலிருந்தோ வெளிக்கிடுகிறவருக்கு முதல் பஸ்ஸைப் பிடிப்பதே ஒரு பாடு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒரு கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம். பிள்ளை நன்றாக ஓடித்திரியும்போது 'இனி எதுக்கு' என்று நிறுத்துவதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கர்நாடகத்தில் 2008 இல் தொடங்கிய கிட்ரோப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளர் கமெராவோடு கிராமப்புற வைத்தியசாலைகளுக்குப் போய்ப் பிள்ளையின் விழித்திரையைப் படம் எடுக்கிறார், டொக்டர் நகரத்திலிருந்து அதைப் பார்த்து முடிவு சொல்கிறார். வன்னியின் தூரத்துக்கு அந்த மாதிரி ஏற்பாடு பொருந்தும். சிசுக்களுக்கு மட்டுமல்ல, வருடத்துக்கு ஒருமுறை வரவேண்டிய பத்து வயதுக்காரருக்கும்.

அதுவரைக்கும் கையில் இருப்பது கடதாசிதான். இடம்பெயர்ந்து பழகிய வீடுகளில் அடையாள அட்டையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரு பொலித்தீன் பையில் தயாராக இருக்கும். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் அட்டையும் அதே பைக்குள் போக வேண்டும். எத்தனை கிழமையில் பிறந்தது, எத்தனை கிராம், விழித்திரை நோய் எந்தக் கட்டம் வரை போனது, லேசரா ஊசியா, எந்தக் கண்ணுக்கு, எந்தத் திகதியில். அட்டையில் இதில் ஏதாவது விடுபட்டிருந்தால், வீட்டுக்குப் போக முதலே தாதி மிஸ்ஸிடம் கேட்டு எழுதுவியுங்கள். எழுதித் தருவார்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், மை அழிகிற கடதாசிகள் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அவருக்கும் காட்டுங்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வந்ததும் அந்த அட்டையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து வாசிக்க விடுங்கள், இனிக் கிளினிக்கில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவது அந்தப் பிள்ளைதான்.